மண்ணுக்கு ஓட்டா, மனிதனுக்கு ஓட்டா?

தொகுதி மறுவரையறை பற்றி நாம் பேசப் போகும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் படித்தவர். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்.

"அமெரிக்காவைப் பாருங்கள். செனட் சபையில் சின்ன மாநிலத்துக்கும் இரண்டு இடம், பெரிய மாநிலத்துக்கும் இரண்டு இடம். ஜனாதிபதி தேர்தலிலும் தலையை மட்டும் எண்ணுவதில்லை. மாநிலத்துக்கென்று தனி எடை உண்டு. பெரிய மாநிலம் சின்ன மாநிலத்தை விழுங்கி விடாமல் காக்கிற ஏற்பாடு அல்லவா அது? நாமும் அதைத்தானே கேட்க வேண்டும்?"

சென்ற மாதம் இப்படிக் கேட்ட ஓர் ஆசிரியருக்கு மேடையிலிருந்தே இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு வந்தோம். அது பதிலாகாது என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே மனம் உறுத்திற்று. ஆகவே எழுதுகிறோம்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லி விடுகிறோம். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் உள்ள அந்த ஏற்பாடு சிறியவனைக் காக்கப் பிறந்ததல்ல. அடிமை எஜமானனைக் காக்கப் பிறந்தது. இன்றும் அது சிறியவனைக் காக்கவில்லை. மாநில உரிமைக்காகப் போராடுகிற நாம் அதைப் போய் ஆயுதமாக எடுத்தால் அது நம் கையையே வெட்டும்.

தேர்தல் நடக்கிற விதம்

அமெரிக்க ஜனாதிபதியை அந்நாட்டு மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை தேர்வாளர்கள். செனட் சபையின் இரண்டு இடத்துக்காக இன்னும் இரண்டு பேர். தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று பேர். 1961ல் அரசியல் சட்டத்தைத் திருத்தும் வரை அந்த மூன்றும் கிடையாது. 270 பேர் ஆதரவு பெற்றவர் ஜனாதிபதி. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டும் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கிய அபேட்சகர் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் அத்தனை பேரையும் மூட்டை கட்டிக் கொண்டு போகிறார்.

கணக்கைப் பாருங்கள். 2020ம் வருஷ ஜனக் கணக்குப்படி வையோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர். நமது சேலம் நகரத்து ஜனங்களை விடக் குறைவு. தேர்வாளர்கள் 3 பேர். கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். தேர்வாளர்கள் 54 பேர். அங்கே 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளர். இங்கே 7 லட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஒரு வையோமிங்காரர் கிட்டத்தட்ட நான்கு கலிபோர்னியாக்காரர்களுக்குச் சமம்! செனட் சபையில் கேட்கவே வேண்டாம். அங்கே ஒருவர் 68 பேருக்குச் சமம்.

அடிமைக் கணக்கு

1787ல் பிலடெல்பியாவில் கூடிய மகாநாடு இந்த அரசியல் சட்டத்தை வகுத்தது. செனட் சபையில் சம இடம் என்பது டெலாவேர், நியூ ஜெர்ஸி போன்ற சிறு மாநிலங்கள் அடம்பிடித்து வாங்கியது. அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜனாதிபதி தேர்தல் கதை வேறு.

பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன், மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். விர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் எழுந்தார். இவரே அடிமைகளை வைத்திருந்தவர். மக்கள் தேர்ந்தெடுப்பதுதான் சாலச் சிறந்தது என்று ஒப்புக் கொண்டார். ஒப்புக் கொண்டு விட்டு ஒரு சிக்கலையும் சொன்னார். ஓட்டுரிமை வடக்கே பரவலாக இருக்கிறது, தெற்கே அப்படியில்லை. நேரடித் தேர்தல் என்றால் தென் மாநிலங்கள் தங்கள் நீக்ரோ ஜனத்தொகையால் எந்தச் செல்வாக்கும் பெற முடியாது என்றார். அடிமைக்கு ஓட்டில்லை. ஓட்டில்லாதவனை ஓட்டுப் பெட்டியில் எண்ண முடியாது. தேர்வாளர் கணக்கில் எண்ணலாம்! அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணிப் பிரதிநிதிகள் சபைக்கு இடம் ஒதுக்குவது என்று அதற்கு முன்பே பேரம் முடிந்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி ஜனாதிபதி தேர்தலுக்கும் வைத்தார்கள். மக்களை நம்பாத கனவான்கள் வேறு காரணங்களும் சொன்னதுண்டு. அவை இருக்கட்டும். மாநிலங்களுக்கிடையே உண்மையான பிளவு பெரியது, சிறியது என்பதல்ல, அடிமை உள்ளது, இல்லாதது என்பதே என்று அதே மகாநாட்டில் அதே மாடிசன் சொல்லியிருக்கிறார். பெரியது சிறியது என்று இன்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இதைப் படித்ததில்லை போலும்.

அந்தப் பேரத்தின் பலன் என்ன? 1790ம் வருஷக் கணக்கில் விர்ஜீனியாவில் சுதந்திர மனிதர்கள் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம். பென்சில்வேனியாவில் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம். ஏறக்குறைய சமம். ஆனால் விர்ஜீனியாவில் இவர்களுக்கு மேல் 2 லட்சத்து 92 ஆயிரம் அடிமைகள். 1800ம் வருஷத் தேர்தலில் பென்சில்வேனியாவுக்குத் தேர்வாளர்கள் 15. விர்ஜீனியாவுக்கு 21! சாட்டையடி பட்டு வயலில் நின்றவனின் தலையை எண்ணி, சாட்டையைப் பிடித்தவனின் ஓட்டுக்கு எடை கூட்டினார்கள். அமெரிக்காவின் முதல் 36 வருஷங்களில் 32 வருஷம் ஜனாதிபதி பதவியில் இருந்தவர்கள் விர்ஜீனியாவின் அடிமை எஜமானர்கள் என்பது தற்செயலா?

அடிமைமுறை 1865ல் ஒழிந்தது. அதோடு கணக்கு நேராயிற்று என்று நினைத்தால் ஏமாந்தோம். 1876ம் வருஷத் தேர்தலில் மக்கள் ஓட்டில் ஜெயித்தவர் டில்டன். தகராறான மாநிலங்களின் தேர்வாளர்களையெல்லாம் எதிர்த் தரப்பில் எழுதி, 185க்கு 184 என்று ஹேய்ஸை ஜனாதிபதியாக்கினார்கள். அதையொட்டி நடந்த பேரத்தில் தெற்கே கறுப்பு மக்களுக்குக் காவலாக இருந்த மத்தியப் படைகள் விலக்கப்பட்டன. பிறகு வரி, எழுத்தறிவுப் பரீட்சை, தூக்குக் கயிறு என்று ஒவ்வொன்றாகப் போட்டு அவர்கள் ஓட்டைப் பறித்தார்கள். ஓட்டுத்தான் போயிற்று, தலைக் கணக்கு போகவில்லை. முன்பு ஐந்தில் மூன்று பங்கு மனிதன். இப்போது முழு மனிதனாக எண்ணி இடம் வாங்கிக் கொண்டார்கள், ஓட்டு மட்டும் கொடுக்க மறுத்தார்கள்! அடிமைமுறை ஒழிந்ததில் எஜமானனுக்கு லாபம் கூடிற்று. ஓட்டை மறுக்கும் மாநிலத்துக்கு இடத்தைக் குறைக்க வேண்டும் என்று 14வது திருத்தத்தில் எழுதி வைத்தார்கள். ஒரு தடவை கூட அதை அமுல் நடத்தவில்லை. 1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வரும் வரை இதுதான் நிலைமை.

ஜார்ஜியாவின் சின்னக் கடை

இந்தப் பெரிய கடைக்கு ஒரு கிளைக் கடையும் இருந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குட்டு அங்கேதான் வெளிப்பட்டது.

ஜார்ஜியா மாநிலத்தில் 159 கவுண்டிகள். நம் ஊர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கட்சி அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் மக்கள் ஓட்டைக் கூட்டுவதில்லை. கவுண்டிக்கு இத்தனை 'யூனிட்' என்று வைத்தார்கள். 1917ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மிகப் பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 6, அடுத்த 30க்குத் தலா 4, பாக்கி 121க்குத் தலா 2. ஜெயித்தவருக்கு அந்தக் கவுண்டியின் யூனிட் முழுவதும். ஜனாதிபதி தேர்தலின் அச்சு அசல்! அந்நாளில் அங்கே ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரானால் போதும், கவர்னர் நாற்காலி கிடைத்த மாதிரிதான்.

அட்லாண்டா நகரம் உள்ள புல்டன் கவுண்டியில் 1960ல் 5,56,326 பேர், 6 யூனிட். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர், 2 யூனிட். ஒரு எக்கோல்ஸ்காரர் 99 அட்லாண்டாக்காரர்களுக்குச் சமம்.

யாருக்காக இது? கிராமத்து ஏழை விவசாயிக்காகவாம்! நகரத்துப் பணக்காரன் அவனை நசுக்காமல் இருப்பதற்காகவாம்! யூஜீன் டால்மட்ஜ் என்ற நிறவெறியர் இந்த யூனிட்டுகளை வைத்தே அரசியல் நடத்தினார். 1946ல், கறுப்பு மக்களின் மீது கட்சித் தேர்தலில் இருந்த தடை கோர்ட்டில் உடைந்தபின், அவர்கள் பெருந்திரளாக வந்து ஓட்டுப் போட்டார்கள். கார்மைக்கேல் என்பவர் மக்கள் ஓட்டில் முந்தினார். யூனிட் கணக்கில் டால்மட்ஜ் ஜெயித்தார். கிராமத்து ஏழை விவசாயிக்கு இதில் கிடைத்தது என்ன? குத்தகை நிலமும் கடனும் அப்படியே இருந்தன. நகரத் தொழிலாளியின் ஓட்டும் கறுப்பு மக்களின் ஓட்டும் செல்லாக்காசாயின. அவ்வளவுதான்.

1963ல் சுப்ரீம் கோர்ட் இந்த யூனிட் முறை செல்லாது என்று அடித்தது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பில்தான் எழுதினார்கள். மறு வருஷம் அலபாமா வழக்கு. அங்கே மாநிலச் செனட் சபையில் 15,417 பேர் உள்ள கவுண்டிக்கும் ஒரு இடம், பர்மிங்ஹாம் தொழில் நகரம் இருக்கிற, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உள்ள கவுண்டிக்கும் ஒரே இடம். அதுவும் செல்லாது என்றாயிற்று. சட்டசபை உறுப்பினர் மக்களுக்குப் பிரதிநிதியே தவிர மரத்துக்கும் ஏக்கருக்கும் அல்ல என்ற கருத்தைத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார்.

ஜனாதிபதி தேர்தலில் இதே மோசடி நடக்கிறதே என்று கேட்டால்? அது அரசியல் சட்டத்தோடு பிறந்த விசேஷ ஏற்பாடு, அதைக் காட்டி ஜார்ஜியா தப்ப முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கிளைக் கடைக்குப் பூட்டு. தலைமைக் கடைக்கு வியாபாரம்!

ஒழிக்க வந்தபோது தடுத்தவர் யார்?

ஒழிக்கவும் முயன்றார்கள். 1968ம் வருஷத் தேர்தலில் ஜார்ஜ் வாலஸ் என்ற நிறவெறி அபேட்சகர் தெற்கே ஐந்து மாநிலங்களை ஜெயித்து 46 தேர்வாளர்களைப் பிடித்ததும் இரண்டு பெரிய கட்சிகளும் பயந்தன. 1969 செப்டம்பரில், நேரடித் தேர்தல் கோரும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட ஓட்டில் நிறைவேற்றிற்று. ஜனாதிபதி நிக்ஸனும் ஆதரவு என்றார். செனட் சபையில் இந்தியானாவின் பேர்ச் பாய் அதை நடத்திச் சென்றார்.

அங்கே வழிமறித்தவர்கள் யார்? சின்ன மாநிலத்து ஏழைகளா? தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட். 1957ல் கறுப்பு மக்களின் ஓட்டுரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்று பேசிய அதே மனிதர். மிசிசிபியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். பெரிய பருத்திப் பண்ணை முதலாளி. வட கரோலினாவின் சாம் எர்வின். பேசிப் பேசியே மசோதாவைச் சாகடித்தார்கள். பேச்சை நிறுத்தி ஓட்டுக்கு விட 1970 செப்டம்பர் 17ந் தேதி 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆறு ஓட்டுக் குறைந்தது. மாநிலத்துக்கு இரண்டு என்று அமைந்த சபையிலேயே கூடப் பெரும்பான்மை ஒழிக்கத்தான் ஓட்டுப் போட்டது என்பதைக் கவனியுங்கள். 1979ல் மறுபடி முயன்றார்கள்: 51க்கு 48. அதுவும் போதவில்லை.

சின்ன மாநிலத்துக்கு என்ன கிடைத்தது?

சரி, பிறப்பு எப்படியோ போகட்டும், இன்று சின்ன மாநிலத்துக்கு நன்மைதானே என்கிறார்கள். எங்கே நன்மை? 2024ல் இரு கட்சி அபேட்சகர்களும் ஏறக்குறைய முழு நேரமும் ஏழு மாநிலங்களில்தான் சுற்றினார்கள்: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்ஸின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. வையோமிங் எங்கே? வெர்மான்ட் எங்கே? முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலம் சின்னதானாலும் பெரியதானாலும் அதை யாரும் சீந்துவதில்லை.

2020ல் கலிபோர்னியாவில் டிரம்ப்புக்குக் கிடைத்தது 60 லட்சம் ஓட்டு. டெக்ஸாஸில் அவருக்குக் கிடைத்ததை விட அதிகம். அந்த 60 லட்சத்துக்குத் தேர்வாளர் ஒருவர் கூட இல்லை. மிசிசிபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பு மக்கள். அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சி அபேட்சகரைத் தேர்ந்தெடுத்தது கடைசியாக 1976ல். அரை நூற்றாண்டாக ஜனாதிபதி தேர்தலில் அவர்கள் போட்ட ஓட்டெல்லாம் மண்ணில் கொட்டிய தண்ணீர். இந்தக் கட்சிக்காரன், அந்தக் கட்சிக்காரன் என்ற பேதமில்லை. இருக்கிற இடத்தில் சிறுபான்மையாக இருப்பவன் ஓட்டு செல்லாது. சிறுபான்மையைக் காக்கிற லட்சணம் இதுதான்!

முடிவுகளையும் ஒரு வரி சொல்லி விடுவோம். 2000ல் கோர் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் கூடுதல் ஓட்டு வாங்கினார். புளோரிடாவில் 537 ஓட்டைக் காட்டிப் புஷ் ஜனாதிபதியானார். 2016ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாங்கியும் தோற்றார். 2020ல் பைடன் 70 லட்சம் கூடுதல். ஆனால் மூன்று மாநிலங்களில் மொத்தம் சுமார் 43 ஆயிரம் ஓட்டு அவருக்கு விழாமல் போயிருந்தால் 269க்கு 269 என்று நின்றிருக்கும். 2024ல் டிரம்ப் இரண்டு கணக்கிலும் ஜெயித்தார். அதனால் முறை சரியாகி விடவில்லை. நின்று போன கடிகாரம் கூட ஒரு வேளை சரியான மணி காட்டும்.

"மாநிலம் என்பது ஒரு மக்களின் உருவம், அதற்கு மரியாதை வேண்டாமா?" என்று கேட்கலாம். வையோமிங்கின் படத்தை எடுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் ரூலர் வைத்து இழுத்த கோடு. 1889ல் டகோட்டா பிரதேசத்தை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கி இரண்டு மாநிலமாகச் சேர்த்தார்கள். ஒன்பதே மாதத்துக்குள் மொத்தம் ஆறு புதிய மாநிலங்கள், 12 செனட்டர்கள். அன்றைய ஆளும் குடியரசுக் கட்சிக்கு அது லாபக் கணக்கு. இன்னொரு பக்கம், வையோமிங்கை விட அதிக ஜனங்கள் உள்ள தலைநகர் வாஷிங்டனுக்கு ஒரு செனட்டர் கூட இல்லை. 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகளாக உள்ள போர்ட்டோ ரிக்கோ மக்கள் 32 லட்சம் பேருக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டே இல்லை. யாரை மாநிலமாக்குவது, யாரை ஆக்காமல் விடுவது என்பதை முடிவு செய்கிறவன் கையில்தான் ஓட்டின் எடையும் இருக்கிறது.

நம் ஊர்க் கேள்வி

"அப்படியானால் ஜனத்தொகைப்படி உத்தரப் பிரதேசத்துக்கு அள்ளிக் கொடுத்து விடலாம் என்கிறீர்களா?" நண்பர்கள் உடனே மடக்குவார்கள். கேள்வி நியாயமானது; நழுவ மாட்டோம்.

நமக்கு இதில் பழைய காயம் உண்டு. 1961 ஜனக் கணக்கை வைத்து 1967ல் சென்னை மாநிலத்தின் லோக் சபை இடங்களை 41லிருந்து 39 ஆகக் குறைத்தார்கள். 1976ல் 42வது திருத்தம், 1971 கணக்கை வைத்தே மாநிலங்களின் பங்கு நிற்கட்டும் என்றது. குடும்பக் கட்டுப்பாட்டை நிறைவேற்றிய மாநிலம் அதனாலேயே நஷ்டப்படக் கூடாது என்பது அப்போது கொடுத்த வாக்கு. 2001ல் 84வது திருத்தம், 2026க்குப் பிந்திய முதல் ஜனக் கணக்கு வரை அதை நீட்டிற்று. அந்த வாக்கைக் காப்பாற்று என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்போம்.

ஆனால் எப்படிக் கேட்பது? பீகார் விவசாயியின் ஓட்டு நம் ஓட்டை விட இளைத்ததுதான் என்று கேட்பதா? அதை நாம் சொல்ல மாட்டோம். வாயில் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நம்மோடு நிற்கிற பீகார்த் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? அவர் ஓட்டு ஊரில் இருக்கிறது. ஓட்டு நாளில் லீவும் இல்லை, ரயிலுக்குக் காசும் இல்லை. அவர் ஓட்டு ஏற்கனவே இளைத்துத்தான் கிடக்கிறது.

இட எண்ணிக்கை நமக்கு ஏன் உயிர்ப் பிரச்னையாயிற்று என்பதைப் பாருங்கள். வரி வசூலில் பெரும்பகுதி டில்லியில். கல்வி 1976 முதல் பொதுப் பட்டியலில். மாநில எல்லையையே பார்லிமெண்ட் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் வேண்டாம். 2019ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாக ஆனது இந்த வழியில்தான். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை அதன் சட்டசபையின் சம்மதமில்லாமல் பிளக்க முடியாது. அமெரிக்காவைப் பார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள். மாநிலத்தின் கையில் உள்ள அதிகாரத்தைப் பாருங்கள். தேர்வாளர் மூட்டையைப் பார்க்காதீர்கள். நமது மாநிலங்கள் ரூலர் கோடும் அல்ல. 1952ல் பொட்டி ஸ்ரீராமுலு பட்டினி கிடந்து உயிர் விட்டார். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. மொழியும் மக்களும் உள்ள மாநிலத்துக்கு அதிகாரம் கேட்பது ஜனநாயகக் கோரிக்கை. பணமும் பள்ளிக்கூடமும் எல்லையும் மாநிலத்தின் சம்மதத்தில் இருந்தால், லோக் சபையில் உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை இடம் என்று நாம் இரவு முழுக்க விழித்துக் கணக்குப் போட வேண்டியதில்லை.

அமெரிக்க மக்களும் சும்மா இல்லை. நாடு முழுதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருகிறோம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வருகின்றன. 2007ல் மேரிலண்ட் தொடங்கி வைத்தது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 209 தேர்வாளர்கள் ஆயிற்று. 270 சேர்ந்தால் அமுலுக்கு வரும். சேர்ந்தவற்றில் கலிபோர்னியா மட்டுமல்ல, வெர்மான்ட்டும் டெலாவேரும் ரோட் ஐலண்டும் உண்டு. சின்ன மாநிலங்களைக் காக்கும் ஏற்பாடு என்று இங்கே நமக்குச் சொல்லுகிறார்களே, அந்தச் சின்ன மாநிலங்கள்தான்.

ஆசிரியர் நண்பருக்கு இந்த இதழ் ஒன்று அனுப்புகிறோம். அடுத்த கூட்டத்துக்கும் அவர் வர வேண்டும். மறுப்பு இருந்தால் மேடையிலேயே நேரம் தருவோம்.